சடங்கெல்லாம் இனி எதற்கு?

கேள்வி | 11 ஜனவரி 2025

இடி மின்னலுக்குப் பயந்த காலத்தில் மனிதனுக்குச் சடங்கு தேவைப்பட்டது. இன்று வானிலை அறிக்கை இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, மனம் சரியில்லை என்றால் போய்ப் பேச ஆள் இருக்கிறது. பரிணாமத்தில் வால் உதிர்ந்த மாதிரி சடங்கும் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். போன வருடம் பாட்டி இறந்தபோது யாருக்கும் லீவு கிடைக்காததால் மூன்றாம் நாளே காரியத்தை முடித்துவிட்டோம். எதுவும் குறைந்துபோகவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

12 ஜனவரி, காலை

குறைந்ததா இல்லையா என்பது மூன்றாம் நாளில் தெரியாது தம்பி. எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்தி முற்றிப்போய்ப் பேசுவதாகத் தோன்றும். சடங்கே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், பெரியார் தொண்டர். அவருக்கும் அம்மாவுக்கும் 1965இல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மேடையில் ஒரு பேச்சாளர், இரண்டு மாலை, அவ்வளவுதான். அன்றைய சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகு செய்த திருத்தம்தான், அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்து, இப்படிப்பட்ட திருமணங்கள் செல்லும் என்றது. அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா லட்டு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தாராம்.

எங்கள் வீட்டில் காது குத்து இல்லை. நான் வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றவில்லை. தாத்தா பாட்டிக்குத் திதி இல்லை. ஆக, நீங்கள் எழுதியதை 2021 வரை நானும் வரிக்கு வரி எழுதியிருப்பேன்.

12 ஜனவரி, இரவு

வால் உவமை காலையிலிருந்து மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தவறு என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் பரிசு இருக்கும். செய்துகாட்டுபவர் முதலில் ஒரு குச்சியால் பெட்டியின் மேல் ஓட்டையில் குத்துவார். அப்புறம் பக்கத்தில் இருக்கும் கதவைத் திறந்து பரிசை எடுப்பார். மேலே குத்துவதால் ஒரு பயனும் கிடையாது. பெட்டி உள்ளே தெரியாததாக இருந்தபோது உகாண்டாவின் ங்காம்பா தீவில் இருந்த சிம்பன்சிகளும் இரண்டையும் செய்தன, மூன்று நான்கு வயதுக் குழந்தைகளும் செய்தார்கள். உள்ளே தெரிகிற கண்ணாடி மாதிரிப் பெட்டியைக் கொடுத்தபோது, மேலே குத்துவது வீண் வேலை என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. சிம்பன்சிகள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நேராகக் கதவுக்குப் போயின. குழந்தைகள் விடவில்லை. முன்போலவே மேலே குத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

காரணம் புரியாத செய்கையையும், பெரியவர் செய்தார் என்பதற்காகவே அப்படியே செய்வது நம் பிறவிக் குணம். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிரானது: காரணம் கேள், கிடைக்கவில்லையென்றால் விடு. ஆனால் இந்தக் குணம் இல்லாவிட்டால் மொழி கற்க முடியுமா? சட்டி வனைய, நெல் ஊறவைத்து அவிக்க, ஒரு கைத்தொழில் பழக முடியுமா? பாதிச் செய்கைகளுக்குக் காரணம் கற்றுக்கொடுப்பவருக்கே தெரியாது. நம்மை மனிதராக்கிய அதே குணத்தின் இன்னொரு முகம்தான் சடங்கு என்றால், அது எப்படி வால் மாதிரி உதிரும்?

13 ஜனவரி

ஒரு சின்னத் திருத்தம். வாலைத் தொலைத்தது மனிதன் இல்லை என்று மேலே ஒருவர் சொன்னது சரி. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் எதற்குமே வால் கிடையாது. அது போய்க் கோடிக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. இறந்தவரை மண்ணில் இட்டு அடக்கம் செய்ததற்கான தடயங்களோ இஸ்ரேலின் கஃப்சே குகையில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுகள் பழையவை, செங்காவி மண்ணோடு சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. அதாவது வால் போய் வெகுகாலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது சடங்கு.

போகி என்பதால் வீட்டில் வேலை. பிறகு எழுதுகிறேன்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

அப்பா 2016இல் இறந்தார், 78 வயது. உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்திருந்தார். "எனக்கு எதுவும் செய்யக்கூடாது" என்று ஒரு தாளில் கைப்பட எழுதி பீரோவில் வைத்திருந்தார். வாய்க்கரிசி இல்லை, நெய்ப்பந்தம் இல்லை, கொள்ளிக்குடம் இல்லை. அண்ணன் தலையை மழிக்கவில்லை.

காலையில் இயக்கத் தோழர்கள் வந்தார்கள். உடல்மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள், நடுவில் சிவப்பு வட்டம். வரிசையாக வந்து மாலை வைத்தார்கள். முழக்கம் எழுப்பினார்கள். வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம் நடந்தார்கள். பெண்களும் நடந்தோம், அது எங்கள் தெருவில் முதல் தடவை. கல்லூரி வாசலில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தோம். உடற்கூறியல் துறைப் பேராசிரியர் ஒருவர் வெளியே வந்து அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு. அப்பாவின் பெரிய படம், அதன்மேல் திரை, திரையை விலக்க ஒரு முக்கியமானவர். பணிமனையில் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் அவர் எங்கே ஒளிந்திருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அம்மாவைப் பேசச் சொன்னார்கள். அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அவர் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார்" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை. எல்லாரும் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்தோம். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

16 ஜனவரி

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். "எதுவும் செய்யவில்லை" என்றுதான் ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். துணி போர்த்தினோம், மாலை வைத்தோம், ஊர்வலம் போனோம், பதினாறாம் நாளை ஒட்டிக் கூடினோம், படத்தைத் திறந்தோம், ஊருக்குச் சோறு போட்டோம். இது முழுக்க முழுக்கச் சடங்குதான். அப்பாவின் இயக்கம் சடங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடவில்லை, வேறு ஒன்றை வைத்தது. 1928இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்த சுக்கிலநத்தம் ஊரிலும் அப்படித்தான்.

அந்த 1967 திருத்தத்தையே பாருங்கள். புரோகிதரையும் நெருப்பையும் சட்டம் விலக்கியது. ஆனால் உறவினர்கள் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், அல்லது மாலை மாற்ற வேண்டும், அல்லது மோதிரம் போட வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும் என்று வைத்தது. நாலில் ஏதாவது ஒன்று. வெறுமனே "சரி" என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதும் என்று சட்டத்தால்கூடச் சொல்ல முடியவில்லை.

18 ஜனவரி

அம்மா. இதை எழுத இரண்டு நாள் ஆனது.

2021 மே 19, இரண்டாம் அலை. எனக்கும் தொற்று, அம்மாவுக்கும் தொற்று. எனக்குக் காய்ச்சலோடு போயிற்று. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த ஆறாம் நாள் அதிகாலை போனில் சொன்னார்கள். அப்பாவைப் போலவே அம்மாவும் உடலை எழுதிக்கொடுத்திருந்தார், ஆனால் கொரோனா இறப்பென்றால் கல்லூரி எடுத்துக்கொள்ளாது. அண்ணன் ஷார்ஜாவில், விமானம் இல்லை. நான் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

இறுதி நிகழ்ச்சிக்கு 20 பேர் வரலாம் என்று விதி இருந்தது. போனது இரண்டு பேர், என் கணவரும் அவர் நண்பரும். உடல் பையில் சுற்றி வந்தது. முகத்தை ஒரு நிமிடம் காட்டினார்கள், கணவர் போனில் எடுத்து அனுப்பினார். மின் மயானத்தில் டோக்கன் எண் 14. சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்தது. மறுநாள் ஒரு மண் கலயத்தில் சாம்பலை வாங்கிவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மாடிப்படிக்குக் கீழே வைத்தார்.

யாரும் வரவில்லை. வரக்கூடாது, எனக்கும் தெரியும், நானே வராதீர்கள் என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன். போன் வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்: எப்போ, எப்படி, ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது. நானும் அதே பதிலை அறுபது எழுபது தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல அது வேறு யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா மட்டும் தினமும் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொம்பில் காபி வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போவார். அந்தச் சொம்பை எடுக்கும்போது மட்டும்தான் அழுகை வந்தது.

அப்புறம் எதுவும் நடக்கவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம். அம்மாவின் மூக்குக்கண்ணாடி டிவி மேல் இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க ஒரு நாள் வேண்டுமே, அந்த நாள் எது? கருமாதி வைத்தவர்களுக்குத் தெரியும், பதினாறாம் நாள் என்று. படத்திறப்பு நடத்தியவர்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. எல்லா நாளும் மே 19ஆகவே இருந்தது.

அப்பா இறந்ததற்கும் அம்மா இறந்ததற்கும் எனக்கு நம்பிக்கையில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆன்மா, மறுபிறவி, மோட்சம் எதையும் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. வித்தியாசம் இது ஒன்றுதான்: அப்பாவுக்குச் செய்தோம், அம்மாவுக்குச் செய்யவில்லை.

19 ஜனவரி

"அப்புறமாகச் செய்திருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தோம். 2023 மே மாதம், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றினார், நேராக அடுப்படிக்குப் போனார், அம்மா உட்காரும் மணைப்பலகையைப் பார்த்தார், அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், போட்ட கோலம், எல்லாம் அதில் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அரை மணி நேரம் இருக்கும்.

முடித்துவிட்டு முகம் கழுவி, "சேலையெல்லாம் எங்கே வெச்சிருக்கே, எடு" என்றார். சாயங்காலம் வரை உட்கார்ந்து பிரித்தோம். இது உனக்கு, இது சின்னவளுக்கு, இது எதிர்வீட்டுக்கு. காபி வைத்த அக்காவுக்கு ஊதா நிறச் சுங்கடி. மூக்குக்கண்ணாடியை நான் உள்ளே வைத்தேன். சாம்பல் கலயத்தை மறுநாள் காவிரியில் விட்டோம்.

22 ஜனவரி

இந்த இழையில் ஒருவர் நல்ல அடி கொடுத்திருக்கிறார். மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். டிரோபிரியான்ட் தீவுக்காரர்கள் அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரம் செய்வதில்லை, ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் செய்வார்கள் என்று மலினோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். ஆகவே ஆபத்தும் நிச்சயமின்மையும் குறையக் குறையச் சடங்கும் குறையும், கேள்வி கேட்டவர் சொன்னது சரி என்கிறார்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுப்பது நான் சின்னவளாக இருந்தபோது உண்டு, ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு அருகிவிட்டது.

ஆனால் சமயபுரத்தை என்ன சொல்வது? எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். மாரியம்மனுக்கும் அம்மை நோய்க்கும் உள்ள தொடர்பு எல்லாருக்கும் தெரியும். பெரியம்மை இந்தியாவில் 1975இல் நின்றது, உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலினோவ்ஸ்கி கணக்குப்படி சமயபுரம் அன்றோடு ஆள் குறைந்து நின்றிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலுக்கு என் சின்ன வயதில் வந்த கூட்டமும் இப்போது வரும் கூட்டமும் ஒன்றா? அங்கே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம், அம்மனே பக்தர்களுக்காக விரதம் இருப்பதாக வழக்கம். அந்த நாட்களில் அம்மனுக்குச் சமைத்த தளிகை கிடையாது, துள்ளுமாவும் இளநீரும் பானகமும்தான். எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அந்த எண்ணம் என்னை உலுக்குகிறது. வேண்டுதலைக் கேட்பவளும் பட்டினி கிடக்கிறாள்.

நோய் போனது, நோய்க்காக வந்த சடங்கு போகவில்லை. அப்படியானால் அது நோய்க்காக மட்டும் இருந்ததில்லை.

23 ஜனவரி

சின்னம்மை இன்னும் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. ஆமாம், வேப்பிலை கட்டுவதும் மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதும் இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைப் பார்த்திருக்கிறீர்களா? "முடிந்தது, இனி எழுந்து நடமாடு" என்று வீடே சேர்ந்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லும் நாள் அது. 2021இல் என் தொற்று முடிந்தபோது ஒரு குறுஞ்செய்தி வந்தது.

25 ஜனவரி

சில பேர் என்னை ஆதரித்து எழுதியிருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. "அந்தக் காலத்துப் பெரியவர்கள் காரணம் இல்லாமல் செய்யவில்லை" என்று ஒருவர். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

எனக்கு 11 வயதில் அத்தையின் புருஷன் இறந்தார். அப்பாவின் கூடப்பிறந்தவர்தான் அத்தை, ஆனால் அந்த வீட்டில் அப்பா பேச்சு எடுபடாது. காரியத்துக்கு முந்தின இரவு அத்தைக்குப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். விடிவதற்குள் ஒவ்வொன்றாகப் பறித்தார்கள். வளையலை ஒன்றோடொன்று மோதி உடைத்தார்கள். அதைச் செய்தவர்களும் கைம்பெண்கள்தான், அது ஒரு முறை. அத்தைக்கு அப்போது 34 வயது. மணிக்கட்டில் ரத்தம் வந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு எந்த நல்ல காரியத்திலும் அத்தை முன்வரிசையில் நின்றதில்லை.

அப்பா இறந்தபோது அம்மாவின் பொட்டை யாரும் தொடவில்லை. அன்று அரக்குச் சேலைதான் கட்டியிருந்தார். அதற்குப் பின்னால் நூறு வருடப் போராட்டம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்துவிட்டு நான் சடங்குக்குப் பரிந்து பேசவில்லை.

அப்புறம் சாதி. சாவுக்குப் பறை அடிக்கவும் குழி வெட்டவும் ஒரு தெரு ஆட்களைக் கட்டாயப்படுத்தியது சடங்கின் பெயரால்தான். மறுத்தவர்கள் அடி வாங்கினார்கள். தனி மயானம், பாதை மறுப்பு இன்னும் முடிந்த கதை இல்லை. சடங்கு ஆட்களைச் சேர்க்கிறது என்று சொல்லும்போது, யாரை வெளியே நிறுத்திவிட்டுச் சேர்க்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

ஆக என் நிலை இது. தேவை குறையவில்லை. ஆனால் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அந்தத் தேவைக்குப் போட்டுவிடக் கூடாது. பசி உண்மை என்பதால் கெட்ட சோறு நல்ல சோறாகிவிடாது.

30 ஜனவரி

நேற்று தை அமாவாசை. 60 வயதை நெருங்குகிற நான் முதல் முறையாக ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்குப் போனேன். சடங்கு செய்ய இல்லை, பார்க்க. படித்துறை முழுக்க ஆட்கள், எள்ளும் தண்ணீரும். என் பக்கத்தில் ஒருவர், ஐடி வேலை மாதிரி இருந்தது, காதில் மாட்டியதைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத்தாத்தா பேர் கேட்டார்கள். மூன்றாவது பேர் அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். வருடத்தில் ஒரு நாளாவது கொள்ளுத்தாத்தா பேரை ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். எனக்கு என் கொள்ளுத்தாத்தா பேர் தெரியாது.

வீட்டுக்கு வந்து செய்தியைப் பார்த்தால் அதே அமாவாசை நீராடலில் பிரயாக்ராஜில் கூட்ட நெரிசல், 30 பேர் இறந்ததாக அரசு சொல்கிறது. படித்துறையில் பார்த்ததும் இதுவும் ஒரே நாளில். நேற்று எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

மொரீஷியஸைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே இன்று தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை. நம் ஆட்கள் போய்த் தலைமுறை தலைமுறையாக ஆகிவிட்டது, வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழிதான் பேசுகிறார்கள். மொழி கைநழுவிவிட்டது, காவடி நழுவவில்லை.

அங்கே திமித்ரிஸ் சிகலாட்டாஸ் என்ற மானிடவியலாளரின் குழு ஒரு ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டது. கோயிலில் கூடிப் பிரார்த்தனை செய்தவர்களுக்கும், அலகு குத்திக் காவடி எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் பணம் கொடுத்து, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கோயிலுக்கு நன்கொடையாகப் போடலாம் என்றார்கள். காவடி எடுத்தவர்கள் அதிகம் போட்டார்கள். அதில் என்ன வியப்பு? ஆனால் அலகு குத்தாமல் கூடவே நடந்து வந்தவர்களும் அதிகம் போட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளாக நான் துக்கப்பட்டவளின் பக்கத்திலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறேன், எனக்கு என்ன கிடைத்தது, எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று. கூட நடப்பவர்களுக்கும் சடங்கு வேண்டியிருக்கிறது. 2021இல் எனக்குப் போன் செய்த அத்தனை பேரும் ஆக்சிஜன் அளவைக் கேட்டது ஏன்? வேறு என்ன கேட்பது என்று தெரியாததால். வீட்டுக்கு வந்திருந்தால் எதையும் கேட்டிருக்க வேண்டாம். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள், ஆண்கள் கையைப் பிடித்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, சொம்பு வைத்தார். அவர் ஒருவருக்குத்தான் என்ன செய்வது என்று தெரிந்திருந்தது.

13 பிப்ரவரி

இதைப் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவி ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். உடற்கூறியல் வகுப்பு தொடங்கும் நாளில், மேசையில் கிடத்தியிருக்கும் உடலுக்கு முன்னால் எல்லாரும் வெள்ளைக் கோட்டோடு நின்று உறுதிமொழி எடுத்தார்களாம். மரியாதையோடு நடத்துவோம், அடையாளத்தை வெளியே சொல்ல மாட்டோம், குடும்பத்துக்கு நன்றி என்று. பூவும் வைத்தார்களாம். இந்தியாவில் பல கல்லூரிகளில் இப்போது இது நடக்கிறது. தாய்லாந்தில் அந்த உடலை "பெரிய ஆசிரியர்" என்றே அழைத்து, படிப்பு முடிந்ததும் மாணவர்களே கூடித் தகனம் செய்கிறார்கள் என்று முன்பே தெரியும். இங்கேயும் வந்துவிட்டது தெரியாது.

தம்பி, நீங்கள் கேட்டது இதைத்தானே, அறிவியல் வந்தால் சடங்கு போகுமா என்று. கத்தியைக் கையில் எடுத்து அறிவியல் கற்கும் அறைக்குள்ளேயே, யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு புதிய சடங்கு பிறந்திருக்கிறது. மந்திரம் இல்லை, சாதி இல்லை, யாருடைய வளையலையும் உடைக்கவில்லை.

என் அப்பாவுக்கு 2016இல் அப்படி யாராவது நின்றார்களா என்று தெரியவில்லை. நின்றிருந்தால் முதலில் முகத்தைச் சுளித்திருப்பார். அப்புறம் உறுதிமொழியை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

17 பிப்ரவரி

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் நேற்று ஒரு சாவு. வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, வடக்கிலிருந்து வந்த குடும்பம். கணவர், மாரடைப்பு. உடலை ஊருக்கு எடுத்துப்போக விமான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் கைகூப்பும் படமாக நாற்பது செய்தி. கதவு திறந்திருந்தது, உள்ளே அந்தப் பெண்ணும் ஒரு பையனும் மட்டும். மொழி தெரியாது, எப்படிப் போவது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் தயங்கி வராந்தாவில் நின்றார்கள்.

நான் சொம்பில் காபி போட்டு எடுத்துப் போனேன். செருப்பைக் கழற்றினேன், போய்த் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே என் மேல் சாய்ந்தாள். வராந்தாவில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பையனுக்கு ஒருத்தி இட்லி கொண்டுவந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தேன். துக்க வீட்டில் "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் வந்தேன்.